18 ஆயிரம் கிலோமீட்டர்தான் சார் ஓடிருக்கு

பொண்டாட்டியோட தம்பி துபாய்லேருந்து நாப்பது நாள் லீவுல வந்தான். வந்த மூணாவது நாளே போனைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுறான், மாமா இதப் பாருங்கன்னு. பாத்தா சில்வர் கலர் போர்ஷ் பாக்ஸ்டர், ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், 2008 மாடல், பாண்டி வண்டி, பிஒய் 01 நம்பர், ஓடுனது 18 ஆயிரம் கிலோமீட்டர், சொல்ற விலை 21 லட்சம். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. நான் கடலூர் சிப்காட்டுல இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன், எங்க வீட்டுல நிக்கிறது ஒரு பழைய ஆல்ட்டோ, ஆனா சின்ன வயசுலேருந்து கார் பைத்தியம்னு சொந்தக்காரங்க மொத்த பேருக்கும் தெரியும், எவன் வண்டி வாங்கப் போனாலும் ஒரு டீயை வாங்கிக் குடுத்து என்னையும் இழுத்துட்டுப் போயிருவாங்க. இந்த தடவ டீ மட்டும் பத்தாது பிரியாணின்னு சொல்லிட்டேன்.

விஷயம் கேள்விப்பட்ட எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், 18 ஆயிரம்தானே, புது வண்டி மாதிரிடா, யோசிக்காம அட்வான்ஸ் குடுத்துருங்கன்னு. எனக்கு அந்த நம்பர்தான் வயித்தைக் கலக்குச்சு. பதினாறு வருஷத்துல 18 ஆயிரம்னா மாசத்துக்கு நூறு கிலோமீட்டர் கூட இல்ல. மீட்டரைத் திருப்பிருக்கணும், இல்லன்னா வண்டி சும்மாவே நின்னுருக்கணும். ரெண்டாவதுதான் மோசம்னு நான் சொன்னா மச்சான் சிரிக்கிறான்.

பாண்டி மேட்டுப்பாளையம் பக்கம் பட்டறை வச்சிருக்குற பாய் ஒருத்தர எனக்கு ரொம்ப வருஷமா பழக்கம், வளைகுடாவுல ஜெர்மன் வண்டியா பாத்துட்டு வந்தவரு. போன் போட்டு விஷயத்த சொன்னேன். "தம்பி, பத்து வருஷம் கட்டுத்தறியிலயே கெடந்த மாட்டை வாங்கி மறுநாள் ஏர்ல பூட்டுவியா?"ன்னாரு. அப்புறம் அவரே, "சரி, நான் பாக்ஸ்டர் பாத்து ரொம்ப நாளாச்சு, நானும் வரேன்"ன்னுட்டாரு.

வண்டி நிக்கிற வீடு ஒயிட் டவுன்ல, கடற்கரை சாலையிலேருந்து ரெண்டு தெரு உள்ள. புரோக்கர் பத்து மணிக்கு வரச்சொன்னாரு. நாங்க ஏழு மணிக்கே போய் நின்னோம். பழைய வண்டி பாக்கப் போற யாரா இருந்தாலும் இதை மட்டும் செய்யுங்க, சொன்ன டயத்துக்கு முன்னாடி போங்க. பத்து மணிக்குப் போனா வண்டி ஒரு தடவ ஸ்டார்ட் ஆகி சூடாகி, புகையெல்லாம் வெளிய போயி, ரெடியா கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையப் பேசும். போனதும் சைலன்சர் மேல கைய வச்சுப் பாக்கணும், சூடா இருந்தா இன்னொரு நாள் வரோம்னு கெளம்பிரலாம்.

வீட்டுப் பெரியவரு கதவைத் தொறந்து, வாங்க தம்பி, பத்து மணின்னுதானே சொன்னாருன்னு கேட்டுட்டே காப்பி போடச் சொல்லிட்டாரு. நல்ல மனுஷன். வண்டி அவரோட பையனுது, பையன் பிரான்ஸ்ல செட்டில் ஆயிட்டாரு, வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல வரும்போது ஓட்டுறதோட சரி. மத்தபடி டிரைவர் ஒருத்தர் வாரா வாரம் ஞாயித்துக்கிழம வந்து அரை மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வச்சுட்டுப் போவாராம். பெரியவரு இதைப் பெருமையா சொல்றாரு, பாய் என்னப் பாத்து புருவத்தத் தூக்குறாரு.

சாவியத் திருப்பினா பேட்டரி செத்துக் கெடக்கு. பத்து மணிக்கு வந்திருந்தா புரோக்கர் ஆளு ஜம்ப் குடுத்து வச்சிருப்பான். இந்த வண்டியில ஒரு கூத்து இருக்கு, இன்ஜின் நடுவுல சீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், முன்னாடி ஒரு டிக்கி, பின்னாடி ஒரு டிக்கி, பேட்டரி முன் டிக்கிக்குள்ள, அந்த டிக்கி தொறக்குறதோ கரண்ட்டுல. அப்ப பேட்டரி செத்தா பேட்டரிகிட்டயே போக முடியாது. மச்சான் முழிக்கிறான். பாய் கூலா டிரைவர் கால் வைக்கிற இடத்துல ப்யூஸ் பாக்ஸைத் தொறந்து, உள்ளேருந்து ஒரு சிவப்பு முனைய வெளிய இழுத்தாரு, அதுல வெளி பேட்டரியோட பாசிட்டிவ் ஒயரக் குடுத்துட்டு, நெகட்டிவை கதவு கொக்கி மாட்டுற இரும்புல புடிச்சாரு, டிக்கி டப்புன்னு தொறந்துச்சு. பெரியவரே கை தட்டிட்டாரு.

உள்ள முதல்ல சேசிஸ் நம்பர். ஆர்சில இருக்குறது, கண்ணாடிக்குக் கீழ தெரியுறது, பாடியில குத்துனது மூணும் ஒண்ணா இருக்கணும். அந்த 17 எழுத்துல பத்தாவது எழுத்து மாடல் வருஷம், 8ன்னா 2008. சில பேர் மாடலை ஒரு வருஷம் ஏத்திச் சொல்லி விப்பாங்க, இங்க வந்தா குட்டு வெளிப்பட்டுரும். இவரு வண்டி சரியாத்தான் இருந்துச்சு.

ஸ்டார்ட் பண்ணோம். பின்னாடி வெள்ளையா புகை. இந்த இன்ஜின்ல பிஸ்டன் நிமிந்து நிக்காது, ரெண்டு பக்கமும் மூணு மூணா படுத்துருக்கும், நாள் கணக்குல நின்னா கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள்ள எறங்கி முதல் ஸ்டார்ட்டுல புகையும், அது பரவாயில்ல, ஒரு நிமிஷத்துல அடங்கிரும். அடங்காம கொசு மருந்து வண்டி மாதிரி ஊத்திக்கிட்டே இருந்தா ஆயிலையும் காத்தையும் பிரிக்கிற செபரேட்டர் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். இது அடங்கிருச்சு. ஆனா பின் டிக்கில இருக்குற ஆயில் மூடியக் கழட்டிப் பாத்தா உள்பக்கம் வெண்ணெய் தெரண்ட மாதிரி வெளுப்பா ஒட்டிக்கிட்டுருக்கு. ஞாயித்துக்கிழம அரை மணி நேரம் பண்ண வேலைதான் இது. நிறுத்தி வச்சு ஓட்டுனா ஆயில் முழுசா சூடாகாது, உள்ள ஊறுற தண்ணி ஆவியாகிப் போகாம ஆயில்லயே கலந்துரும், கூடவே கொஞ்சம் பெட்ரோலும் எறங்கும். அதுக்கு வண்டிய ஸ்டார்ட்டே பண்ணாம விட்டுருக்கலாம்னு பாய் சொன்னப்ப பெரியவரு முகம் வாடிப்போச்சு, எனக்கே சங்கடமாயிருச்சு.

இந்த வண்டியப் பத்தி நெட்டுல தேடினா முதல்ல வர்ற வார்த்தை ஐஎம்எஸ் பேரிங், ஐஎம்எஸ்னா இன்டர்மீடியட் ஷாஃப்ட். 1997லேருந்து 2008 வரைக்கும் வந்த பாக்ஸ்டர்ல இன்ஜினுக்குள்ள ஒரு நடு ஷாஃப்ட் உண்டு, கேம் ஷாஃப்ட்டை செயின் வழியா சுத்த வைக்கிறது அதுதான், அதோட ஒரு முனையில சீல் போட்ட பால் பேரிங் இருக்கும். நாளாக ஆக சீல் காஞ்சு ஆயில் உள்ள போயி கிரீஸைக் கழுவிட்டுப் போயிரும், அப்புறம் அது அழுக்கு ஆயில்லயே சுத்தணும், உடைஞ்சா இரும்புத்தூள் இன்ஜின் பூரா பரவிரும், இன்ஜின் காலி. 2006லேருந்து 2008 வரைக்கும் வந்ததுல பேரிங் பெருசு, புட்டுக்குறது கம்மி, ஆனா அதை மாத்தணும்னா இன்ஜினையே ரெண்டா பிரிக்கணும். 2009லேருந்து புது இன்ஜின், அதுல இந்த பேரிங்கே கெடையாது. அதனால 2008க்கும் 2009க்கும் விலையில இருக்குற வித்தியாசத்தப் பாத்து கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

பேரிங் எப்படி இருக்குன்னு வெளியேருந்து பாக்க முடியாது, ஆனா ஆயில் பில்டர் சொல்லும். பாய் பெரியவர்கிட்ட பர்மிஷன் கேட்டு, வண்டிய ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, பில்டரைக் கழட்டி, பேப்பரைக் கத்தியால வெட்டி மடிப்பு மடிப்பா விரிச்சு வெயில்ல காட்டிப் பாத்தாரு, அப்புறம் காந்தத்த வச்சுத் தடவுனாரு. மினுமினுன்னு ஒண்ணும் இல்ல, பிரவுன் கலர்ல பிளாஸ்டிக் துணுக்கு இருந்தா செயின் கைடு தேயுதுன்னு அர்த்தம், அதுவும் இல்ல. மச்சானுக்கு அப்பவே வண்டி நம்மளுதுதான்னு ஆயிருச்சு. விக்கிறவரு இந்த பில்டர் சோதனைக்கு ஒத்துக்கலன்னா அங்கேயே நன்றி சொல்லிட்டு வந்துரலாம், இது என் கருத்து.

அடுத்து ஸ்கேனர். வண்டியில அதுக்குன்னு இருக்குற ஓபிடி சாக்கெட்டுல மாட்டினா மீட்டர் காட்டாததெல்லாம் கம்ப்யூட்டர் காட்டும், இன்ஜினை லிமிட்டுக்கு மேல எத்தன தடவ முறுக்கிருக்காங்க, மொத்தம் எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு. மணி நேரம் 1,420. 18 ஆயிரத்த 1,420 ஆல வகுத்தா மணிக்கு 12.7 கிலோமீட்டர், மாட்டு வண்டியே கொஞ்சம் விரட்டுனா போயிரும். மீட்டர் திருப்பிருக்காங்கன்னு எனக்கு தோணிருச்சு. அப்புறம் உக்காந்து யோசிச்சா, வாரம் அரை மணி நேரம், வருஷத்துக்கு 26 மணி, பதினாறு வருஷத்துக்கு 416 மணி சும்மா நின்ன இடத்துலயே ஓடிருக்கு. அதைக் கழிச்சா 18 கிலோமீட்டர் வருது, பாண்டி டவுனுக்குள்ள அது சாதாரணம்தான். ஆக பெரியவரு பொய் சொல்லல. வண்டி நெசமாவே ஓடாமத்தான் இருந்துருக்கு.

பாய் அப்புறம் காட்டுனதுதான் எனக்கு பாடம். ஸ்கேனர், காந்தம் எதுவும் இல்லாம வெறுங்கையால கால் மிதி கார்பெட்டை அமுக்குறாரு, கை ஈரமாவுது. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு, ஏன்னா 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல பாண்டியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர் பக்கமெல்லாம் தண்ணி, என் ஆல்ட்டோ சீட்டு உசரத்துக்கு முங்கி அதைக் கழுவிக் காயவச்சு ஓட்டுறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முங்குன வண்டியா இதுவும்னு கேட்டேன். பாய் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுக்கச் சொன்னாரு. முங்குன வண்டின்னா பெல்ட்டோட அடி முனையில சேத்துக் கோடு இருக்கும், ஷாம்பூ போடுறவன் மேல் பக்கம்தான் கழுவுவான், சுருளுக்குள்ள இருக்குறத விட்டுருவான். சீட்டு நகர்ற தண்டவாளத்துல செம்மண் துரு, ஹெட்லைட்டுக்குள்ள வண்டல், ஸ்பீக்கர் வலைக்குள்ள மண்ணு, இதெல்லாம் அடையாளம். இதுல எதுவும் இல்ல. பெல்ட்டு சுத்தம்.

அப்ப தண்ணி எங்கேருந்து? மேல துணிக் கூரை. கூரை மடங்குற இடத்துல ரெண்டு பக்கமும் மழைத்தண்ணி வடியுறதுக்கு சின்ன ஓட்டை இருக்கும். வீட்டு முற்றத்துல வேப்பமரம், மதில் மேல காகிதப்பூ, பதினாறு வருஷ இலையும் பூவும் மக்கி அந்த ஓட்டைய அடைச்சு எருவே ஆயிருச்சு, விரல் விட்டா கறுப்பா கொத்தா வருது. வெளிய போக வழியில்லாத தண்ணி உள்ள எறங்கி சீட்டுக்கடியில நிக்குது. அங்கதான் சென்ட்ரல் லாக்கும் அலாரமும் பாக்குற கன்ட்ரோல் பெட்டிய வச்சிருக்காங்க, ஏன் அங்க வச்சாங்கன்னு எந்த இன்ஜினியர்கிட்ட கேக்குறதுன்னு தெரியல. பெட்டியக் கழட்டிப் பாத்தா பின்னெல்லாம் பச்சை பூத்துருக்கு. பேட்டரி செத்துப்போறதுக்கும் அதுதான் காரணமா இருக்கணும், வண்டி தூங்காம கரண்டைக் குடிச்சுக்கிட்டே இருந்துருக்கு.

அதே மாதிரிதான் முன்னாடி பம்பர் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தது. ரெண்டு பக்கமும் ஏசி கன்டென்சர், அதுக்குப் பின்னாடி ரேடியேட்டர், ரெண்டுக்கும் நடுவுல சருகு பொதிஞ்சு ஈரமா ஒட்டிக்கிட்டு, கடல் காத்து உப்பும் சேந்து அலுமினியத்த பொடிப்பொடியா அரிச்சு வச்சிருக்கு. பாடி கால்வனைஸ் பண்ணது, அது சீக்கிரம் துரு பிடிக்காது, அதைக் காட்டி மயக்கிருவாங்க, நீங்க படுத்துப் பாக்க வேண்டியது அடியில, சஸ்பென்ஷன் போல்ட், சைலன்சர் கிளாம்பு, பிரேக் பைப்பு. கடல்லேருந்து ரெண்டு தெரு தள்ளி நின்ன வண்டியில போல்ட்டு தலையெல்லாம் ஜிலேபி மாதிரி உதிருது. அதைக் கழட்டவே முடியாது, வெட்டித்தான் எடுக்கணும், லேபர் ரெண்டு மடங்கு.

டயர் பட்டன் அப்படியே புதுசா இருக்கு, மச்சான் தட்டிக் காட்டுறான். பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், 3207ன்னு போட்டுருந்துச்சு, 2007ஆம் வருஷம் 32ஆவது வாரம் செஞ்ச டயர். கம்பெனிலேருந்து வந்த அதே டயர். நகத்தால அழுத்துனா இறங்கல, பக்கவாட்டுல முடி முடியா வெடிப்பு. இதைப் போட்டு ஈசிஆர்ல 120 போனா மச்சானுக்கு அடுத்த லீவு கெடையாது.

ரோட்டுல ஓட்டிப் பாக்கவே முடியல, இன்சூரன்ஸ் இல்ல. ஆர்சியும் 2023லயே காலாவதி, ஏன்னா சொந்த வண்டிக்கு 15 வருஷம்தான், அப்புறம் வண்டியக் கொண்டுபோய்க் காட்டி அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிக்கணும். அந்த ரினிவல் பீஸை 2022 ஏப்ரல்ல சாதா காருக்கு 5 ஆயிரம், இறக்குமதி வண்டின்னா 40 ஆயிரம், லேட்டானா மாசத்துக்கு 500 தனின்னு ஆக்குனாங்க. புரோக்கர் அதுக்குள்ள வந்து சேந்துட்டாரு, அதெல்லாம் சின்ன விஷயம் சார், நீங்க வாங்கிட்டு மாத்திக்கலாம்ங்குறாரு. உசுரே இல்லாத ஆர்சிய எப்படிங்க பேர் மாத்துறது? அதோட மச்சான் அட்ரஸ் கடலூர் மஞ்சக்குப்பம். பாண்டிக்கும் கடலூருக்கும் 22 கிலோமீட்டர்தான், ஆனா முள்ளோடை தாண்டுனா வேற ஸ்டேட். இங்கேருந்து என்ஓசி, அதான் தடையில்லா சான்று, வாங்கி, அங்க டிஎன் 31 நம்பர் போட்டு, தமிழ்நாட்டு வரி தனியா கட்டணும். பாண்டி நம்பர்லயே கடலூர்ல ஓட்டிக்கிட்டுத் திரியலாம்னு நெனச்சா சட்டப்படி 12 மாசம்தான், ஆல்பேட்டை செக்போஸ்ட்டுல ஒருநாள் இல்ல ஒருநாள் மாட்டுவோம். பாண்டியில வரி கம்மின்னு எங்கெங்கயோ இருக்குறவங்க பொய் அட்ரஸ்ல வண்டி ரிஜிஸ்டர் பண்ண கதையெல்லாம் உண்டு, அதனால பிஒய் நம்பர் வண்டி வாங்குறவங்க ஆர்சில இருக்குற அட்ரஸ்ல நெசமா ஆளு இருக்காங்களான்னு ஒரு நடை போய்ப் பாத்துருங்க. இங்க அந்தப் பிரச்சன இல்ல, அட்ரஸ்லதான் காப்பி குடிச்சுக்கிட்டுருந்தோம்.

பாய் ஒரு நோட்டுல கணக்குப் போட்டாரு. ரேடியேட்டர், கன்டென்சர், கன்ட்ரோல் பெட்டி, நாலு டயர், பிரேக் டிஸ்க், ரப்பர் ஓஸ் மொத்தமும், புஷ், கூலன்ட் டேங்கு, ஏழு லட்சத்துல போய் நிக்குது, அதுவும் கழட்டுனப்புறம் என்ன தெரியும்னு சொல்ல முடியாதாம். மச்சான் 13 லட்சம் கேட்டான். பெரியவரு கோவிக்கல, பையன்கிட்ட பேசிச் சொல்றேன்னாரு, புரோக்கர்தான் 18 ஆயிரம் ஓடுன வண்டிய இப்படிக் கேக்குறீங்களேன்னு எங்களை ஏதோ பிச்சைக்காரங்க மாதிரி பாத்தாரு. பையன் ஒத்துக்கலன்னு சாயங்காலம் போன் வந்துச்சு. மச்சான் ரெண்டு நாள் சாப்பிடல, என் பொண்டாட்டி என்னை மொறைக்கிறா, நான்தான் கெடுத்துட்டேனாம்.

லீவு முடிய எட்டு நாள் இருக்கப்ப கோயம்புத்தூர்ல ஒண்ணு கெடச்சுது. 2009 மாடல், புது இன்ஜின், 61 ஆயிரம் கிலோமீட்டர். போட்டோல பாக்க அழகே இல்ல, முன் பம்பர் பூரா கல்லடி, டிரைவர் சீட்டு ஓரம் தேஞ்சுபோயிருக்கு. ஆனா ஓனர் ஒரு டாக்டர், அடிக்கடி ஊட்டி ஏறி எறங்குற ஆளு, ஒரு தடிமனான ஃபைலைக் கொண்டாந்து வச்சாரு பாருங்க, ஆயில் மாத்துன ஒவ்வொரு பில்லும் தேதியோட, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பிரேக் ஆயில், 2022ல ரேடியேட்டர், போன வருஷம் டயர். கம்ப்யூட்டர்ல 1,790 மணி நேரம், சராசரி 34 கிலோமீட்டர், பொருந்துது. ஸ்பீட் பிரேக்கர்ல முன்னாடி லொட்டுன்னு ஒரு சத்தம், கன்ட்ரோல் ஆர்ம் போகப்போகுது, அதை அவரே சொல்லி அதுக்கு 40 ஆயிரம் கொறச்சுக்கிட்டாரு. ஆர்சியும் 2024ல புதுப்பிச்சாச்சு. 61 ஆயிரமான்னு மாமியார் மட்டும் கேட்டாங்க, கிழட்டு வண்டியாச்சேன்னு.

வண்டிய கடலூருக்குக் கொண்டாந்தாச்சு, மச்சான் ஆறு நாள் ஓட்டுனான், துபாய் போயிட்டான். முதுநகர்ல மீன்பிடி சாமான் விக்கிற கடையில தடிச்ச தூண்டி நரம்பு ஒரு சுருள் வாங்கி வச்சிருக்கேன், மாசத்துக்கு ஒரு தடவ கூரை ஓட்டைக்குள்ள விட்டுக் குடைஞ்சு விடுறதுக்கு அதை மாதிரி எதுவும் வராது, கம்பி விட்டா ஓஸ் கிழிஞ்சிரும். ஞாயித்துக்கிழம காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு நெல்லிக்குப்பம் ரோட்டுல பண்ருட்டி வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு வரேன், ஆயில் முழுசா சூடாகணும்ல. "என் தம்பி வண்டிய நீங்களே ஓட்டித் தீத்துருவீங்க போலருக்கு"ன்னு வாசல்ல நின்னு பொண்டாட்டி கேக்குறா. ஆயிலுக்காகடின்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. இப்ப மீட்டர்ல 62,900.